படத்தில் ஆளைக் காணோம்

ஆண்டுதோறும் ஏப்ரல் 12 அன்று காலை 11 மணி 37 நிமிடத்துக்கு ஒரு படத்தை ஓடவிடுவது என் வழக்கம். 1961ஆம் ஆண்டு இதே நாளில், மாஸ்கோ நேரப்படி காலை 9.07 மணிக்கு, விண்வெளிக்குப் போன முதல் மனிதரான யூரி ககாரின் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து கிளம்பியபோது நம் ஊர்க் கடிகாரங்களில் மணி 11.37. சித்திரை பிறக்க இரண்டு நாள் இருக்கும் அந்த வேளையில் வெயில் மொட்டை மாடியைக் காய்ச்சிக்கொண்டிருக்க, நான் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, ‘ஃபர்ஸ்ட் ஆர்பிட்’ என்ற அந்த ஆவணப் படத்தைத் தொலைக்காட்சியில் போடுவேன். ககாரின் பயணத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவை ஒட்டி 2011 ஏப்ரல் 12 அன்று யூடியூபில் இலவசமாக வெளியிடப்பட்ட படம் அது. அப்போது எங்கள் வீட்டு இணையத்தின் வேகத்துக்கு, ககாரின் பூமியைச் சுற்றி முடித்த நேரத்தில் என்னால் பாதிப் படத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை.

இந்த முறை பெரியப்பாவும் உடன் உட்கார்ந்தார். எண்பதைக் கடந்தவர். ககாரின் விண்ணுக்குப் போன செய்தி வந்தபோது மதுரையில் கல்லூரி மாணவராக இருந்தவர். ஒரு டீக்கடை வாசலில் வானொலியைச் சுற்றி நின்ற கூட்டத்தில் தாமும் நின்றதையும், பிறகு பத்திரிகையில் வந்த ககாரின் படத்தைக் கத்தரித்துப் பாடப் புத்தகத்துக்குள் வைத்திருந்ததையும் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தச் சிரித்த முகத்தைப் பார்க்கத்தான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார் என்று நினைக்கிறேன். திரையில் மேகம் போயிற்று, கடல் போயிற்று, மறுபடியும் மேகம் போயிற்று. கால் மணி நேரம் பொறுமையாக இருந்துவிட்டு, “என்னடா இது, ஆளையே காணோமே?” என்றார்.

உண்மைதான். ககாரினைக் கொண்டாட எடுத்த இந்தப் படத்தில் ககாரினாக நடிப்பவர் எவரும் இல்லை. இருப்பது அவருடைய குரலும், அவர் கடந்து போன நிலப்பரப்பும், பின்னணி இசையும்தான். படத்தை இயக்கிய கிறிஸ்டஃபர் ரைலி, ககாரின் கண்ட காட்சியை மறுபடியும் எடுக்க முடியுமா என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் துணையோடு, அப்போது சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்கியிருந்த இத்தாலிய விண்வெளி வீரர் பாவ்லோ நெஸ்போலியிடம் அந்த வேலையை ஒப்படைத்தார். நிலையம் ககாரினின் பாதைக்கு ஏறக்குறைய மேலே, சூரியன் ஏறக்குறைய அதே சாய்வில் இருக்கும் வேளையில் கடக்கும் தருணங்களைக் கணக்கிட்டு, அந்தந்த நேரத்தில் ஏழு கண்ணாடிகள் கொண்ட ‘கூப்போலா’ என்னும் பார்வை மாடத்திலிருந்து நெஸ்போலி படம் பிடித்தார். அந்தத் துண்டுகளைத் தொகுத்து, ரஷ்ய ஆவணக் காப்பகத்தில் இருந்த 1961ஆம் ஆண்டின் வானொலி உரையாடலை அவற்றின் மேல் ஓடவிட்டால் படம் ஆயிற்று. 157 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் பார்த்ததை ஐம்பது ஆண்டு கழித்து 188 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் பார்த்துச் சொல்கிறார் என்று பெரியப்பாவிடம் சொன்னேன். “அப்போ அவன் எடுத்த படம் எங்கே?” என்று கேட்டார்.

இந்தப் படம் எதற்காகத் தேவைப்பட்டது என்பதற்கான விடை அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ககாரின் எடுத்த படம் என்று ஒன்று கிடையாது. அவர் கையில் புகைப்படக் கருவி கொடுத்தனுப்பப்படவில்லை. அவர் போன வஸ்தோக் கலத்துக்குள் ஒரு தொலைக்காட்சிக் கேமரா இருந்தது. ஆனால் அது வெளியே பார்க்கவில்லை, அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நொடிக்குப் பத்துப் படச் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் நூறே கோடுகள் என்ற கணக்கில் அது அனுப்பிய கலங்கிய பிம்பத்தைக் கொண்டு தரையில் இருந்தவர்கள் ஆள் உயிரோடு இருக்கிறாரா, அசைகிறாரா என்று தெரிந்துகொண்டார்கள். முதன்முதலாகப் பூமியை வெளியிலிருந்து பார்த்த மனிதனின் முகம் நம்மிடம் இருக்கிறது, அந்த முகம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பது இல்லை. நான்கு மாதம் கழித்து, ஆகஸ்ட் 1961இல், இன்னொரு சோவியத் வீரரான கெர்மன் தித்தோவ் ஒரு நாளுக்கும் சற்று அதிகமாக விண்ணில் இருந்தபோதுதான் ‘கொன்வாஸ்’ என்ற சினிமா கேமராவைக் கையில் பிடித்துப் பூமியைப் படமெடுத்தார். அமெரிக்கர்கள் நிலையும் அப்போது பெரிய வித்தியாசம் இல்லை. 1962 பிப்ரவரியில் பூமியைச் சுற்றிய ஜான் கிளென் எடுத்துச் சென்றது, ஃபுளோரிடாவில் கோகோ பீச் என்ற ஊரின் மருந்துக் கடையில் வாங்கிய சாதாரணக் கேமரா. கையுறை போட்ட கையால் அழுத்த வசதியாக அதற்கு ஒரு பிடி மட்டும் பொருத்திக் கொடுத்தார்கள். கோடிக்கணக்கில் செலவழித்து மனிதனை மேலே அனுப்பியவர்களுக்கு, அவன் பார்ப்பதைப் பதிந்துவைக்க வேண்டும் என்பது கடைசி நேரத்தில் ஞாபகம் வந்த சில்லறை வேலையாக இருந்திருக்கிறது.

ஆகவே விண்வெளிப் பயணத்தின் தொடக்க நாட்களை நினைவுகூரும் படங்கள் பெரும்பாலும் முகங்களைப் பற்றிய படங்களாகவே இருக்கின்றன. தொப்பி கழற்றிக் கையசைக்கும் வீரர், கண்ணைத் துடைக்கும் மனைவி, கட்டுப்பாட்டு அறையில் நகம் கடிக்கும் பொறியாளர், புகை, நெருப்பு, எண்ணிக்கை என்று ஒரு வாய்பாடு உருவாகிவிட்டது. அவற்றுள் சில நல்ல படங்கள் என்பதையும் நான் மறுக்கவில்லை. அமெரிக்காவின் முதல் ஏழு விண்வெளி வீரர்களைப் பற்றி 1983இல் வந்த ‘த ரைட் ஸ்டஃப்’ படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன். ஆயினும் அவை பயணம் போனவரைக் காட்டுகின்றன, பயணத்தைக் காட்டுவதில்லை. ‘ஃபர்ஸ்ட் ஆர்பிட்’ அந்த வரிசையைத் தலைகீழாக்கி, ஆளை எடுத்துவிட்டு ஜன்னலை மட்டும் வைத்துக்கொண்டது.

முகம் இல்லாத குறையைக் குரல் தீர்த்துவைக்கிறது. ரஷ்ய மொழி எனக்குத் தெரியாது, சப்டைட்டிலைத்தான் நம்பியிருக்கிறேன். ஆனாலும் பல ஆண்டுகள் கேட்டதில் சில சொற்கள் பழகிவிட்டன. ககாரினின் அழைப்புப் பெயர் ‘கேதர்’, அதாவது தேவதாரு. தரையிலிருந்து பேசிய தலைமை வடிவமைப்பாளர் செர்கேய் கொரலியோவின் அழைப்புப் பெயர் ‘ஸர்யா’, அதாவது விடியல். தொலைதூரச் சிற்றலை வானொலிக்கு ‘வெஸ்னா’, அதாவது வசந்தம். ராணுவக் கட்டுப்பாட்டில் இருந்த ஒரு ரகசியத் திட்டத்துக்கு இப்படிப் பெயர் வைத்தவர் யாரோ, ரசனை உள்ளவராக இருந்திருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன் ககாரின் கலத்துக்குள் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் காத்திருந்தார். கதவை மூடியதும் அது சரியாகப் பொருந்தியதற்கான சமிக்ஞை வராததால், முப்பது மரையாணிகளையும் கழற்றி மறுபடி முடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் காத்திருப்பின்போது நடந்த பேச்சு 2011இல்தான் முழுமையாக வெளியிடப்பட்டது. அதில் கொரலியோவ், குழாய்களில் அடைத்த சாப்பாடு வைத்திருக்கிறது, சாசேஜ் இருக்கிறது, தேநீரோடு தொட்டுக்கொள்ள ஜாமும் இருக்கிறது, மொத்தம் அறுபத்து மூன்று, தின்று தின்று குண்டாகிவிடுவாய் என்று கேலி செய்கிறார். சாசேஜ் இருந்தால் போதும், நாட்டுச் சாராயத்துக்குத் தொட்டுக்கொள்ள ஆகும் என்று இவர் பதில் சொல்கிறார். அதைக் கேட்ட கொரலியோவுக்கு, எல்லாப் பேச்சையும் ஒலிநாடா பதிந்துகொண்டிருப்பது ஞாபகம் வந்து, செல்லமாகத் திட்டிவிட்டுச் சிரிக்கிறார். இரண்டு பேருக்கும் அடிவயிறு கலங்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஆளில்லாமல் அனுப்பிய வஸ்தோக் கலங்களில் சில திரும்பி வரவில்லை என்பது இருவருக்கும் தெரியும். இதைப் பெரியப்பாவுக்குச் சொன்னபோது, “பந்திக்கு முன்னால் மாப்பிள்ளையைக் கேலி பண்ணுகிற மாதிரிதான்” என்றார். இத்தனை ஆண்டில் எனக்குத் தோன்றாத ஒப்பீடு.

ராக்கெட் எழும்போது ககாரின் சொன்ன ‘பயேகலி’ என்ற சொல்லை, ‘கிளம்பியாச்சு’ என்று தமிழில் சொல்லலாம். மாட்டுவண்டிக்காரர் கயிற்றை உலுக்கும்போது சொல்லக்கூடிய சொல்தான். அதற்குப் பிறகு படம் சைபீரியாவின் மேல் நகர்கிறது. பனி மூடிய ஆறுகள் வெள்ளைக் காகிதத்தில் விழுந்த மடிப்புகள் போலத் தெரிகின்றன. பூமி தெரிகிறது, மேகங்கள் தெரிகின்றன, அழகாக இருக்கிறது, உடல்நிலை நன்றாக இருக்கிறது என்று இளமை தெறிக்கும் குரலில் இருபத்தேழு வயதுக்காரர் சொல்லிக்கொண்டே போகிறார். உடல்நிலை மிக நன்று என்பதை அவர் எத்தனை தடவை சொல்கிறார் என்று ஒரு முறை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். எடையில்லாத நிலையில் மனிதனுக்குப் புத்தி பேதலிக்குமோ என்று மருத்துவர்கள் அஞ்சிய காலம் அது. அந்தப் பயத்தில்தான் கையால் கலத்தைச் செலுத்தும் வசதியைப் பூட்டிவைத்து, அதைத் திறக்கும் 125 என்ற மூன்று இலக்க எண்ணை ஓர் உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். உறையைப் பிரிக்கும் நிதானம் இருப்பவனுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்று கணக்கு. கிளம்பும் முன்பே ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் அந்த எண்ணை அவர் காதில் போட்டுவிட்டார்கள் என்பது வேறு கதை.

கம்சாட்காவைத் தாண்டிப் பசிபிக் கடலின் மேல் கலம் இரவுக்குள் நுழைகிறது. எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. பலர் படத்தை நிறுத்திவிடும் பகுதியும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். திரையில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. சோவியத் தரை நிலையங்களின் எல்லை முடிந்துவிட்டதால் பதில் சொல்லவும் ஆள் இல்லை. வெஸ்னா, நான் கேதர், கேட்கிறதா என்று கூப்பிட்டுப் பார்க்கிறார். இரைச்சல் மட்டும் வருகிறது. மறுபடி கூப்பிடுகிறார். நடிகரை வைத்து எடுக்கும் படத்தில் இந்த இடத்தில் அம்மாவின் நினைவோ சிறு வயது வயல்வெளியோ வந்துவிடும். இங்கே இருட்டும் இரைச்சலும் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. உலகத்திலுள்ள அத்தனை மனிதர்களையும் விட்டுத் தனியாக இருந்த முதல் மனிதன், அந்தத் தனிமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், கருவி அளவுகளை வாசித்துக்கொண்டிருப்பதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். இடையில், குறிப்பு எழுதக் கொடுத்த பென்சில் கழன்று மிதந்து கைக்கு எட்டாமல் போய்விட, எழுதுவதை விட்டுவிட்டு ஒலிநாடாவில் பேசத் தொடங்கினார். நாடாவும் தீர்ந்துபோக, தாமே அதைப் பாதியளவு பின்னால் சுற்றி, முன்பு பேசியதன் மேலேயே தொடர்ந்து பேசினார். அப்படி அழிந்துபோன பேச்சில் என்ன இருந்ததோ என்ற ஏக்கம் எனக்கு ஒவ்வோர் ஆண்டும் வரும்.

படத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. ககாரினின் பாதை நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 65 பாகை சாய்ந்தது, விண்வெளி நிலையத்தின் பாதையோ 51.6 பாகை. இரண்டும் முழுமையாக ஒன்றின் மேல் ஒன்று பொருந்த வழியில்லை. தென் அமெரிக்காவின் தென்கோடியில் ஹார்ன் முனை இருப்பது 56 பாகையில் என்பதால், நிலையம் ஒருபோதும் அதற்கு நேர் மேலே போகாது, தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். உயரம் ஓரளவு ஒத்துவருகிறது. ககாரின் போன அதிகபட்ச உயரம் 327 கிலோமீட்டர், நிலையம் அப்போது 350க்குச் சற்று முன்பின்னாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பெரிய வித்தியாசம் ஜன்னலில்தான் இருக்கிறது. 2.3 மீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டைக்குள், இருக்கையோடு வாரிட்டுக் கட்டப்பட்டிருந்த ககாரினுக்குக் கிடைத்தது கை அகலச் சாளரங்கள்தான். கலமும் மெதுவாகச் சுழன்றுகொண்டே இருந்ததால் பூமி ஜன்னலுக்குள் வரும், நழுவும், பிறகு கறுப்பு வானம், மறுபடி பூமி. நெஸ்போலியின் விசாலமான கண்ணாடிகளிலிருந்து நாம் பார்ப்பதோ, நிலையாக, சாவகாசமாக, கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. ககாரின் பார்த்ததைவிட அதிகமாகவே நாம் பார்த்துவிடுகிறோம். மேகங்களும் 2011ஆம் ஆண்டின் மேகங்கள். இசையமைப்பாளர் பிலிப் ஷெப்பர்டின் இசை தனியாகக் கேட்க இதமானதுதான் என்றாலும், சில இடங்களில் அது நம்மை உருக வைக்க முயல்வது எனக்கு உறுத்தும். இரைச்சலே போதுமாக இருந்திருக்கும்.

இத்தனையையும் மீறி இதை நேர்மையான நினைவுகூரல் என்று நான் கருதுவதற்கு, அந்தக் காலத்துப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது ஒரு காரணம். 1961இல் எடுத்த சோவியத் செய்திப் படங்களில் ககாரினை எவ்வளவு வேண்டுமானாலும் காட்டலாம். ஆனால் அவரை ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் முழு உருவத்தைக் காட்டக் கூடாது. 1967இல் பாரிஸ் விமானக் கண்காட்சியில்தான் உலகம் அதை முழுதாகப் பார்த்தது. கொரலியோவின் பெயரைச் சொல்லக் கூடாது. 1966 ஜனவரியில் அவர் இறந்த பிறகே அந்தப் பெயர் நாளிதழ்களில் வந்தது. 1972இல் அவருடைய வாழ்க்கையைத் தழுவி ‘நெருப்பை அடக்குதல்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பெரிய படம் எடுத்தபோதும், நாயகனுக்கு பஷ்கீர்த்செவ் என்று வேறு பெயர்தான் வைத்தார்கள். அதைவிடப் பெரிய மறைப்பு, தரையிறக்கத்தைப் பற்றியது. ஆப்பிரிக்காவுக்கு மேலே, கலத்தின் வேகத்தைக் குறைத்துப் பூமிக்குத் திருப்பும் எந்திரம் ஏறத்தாழ 42 நொடிகள் எரிந்து அணைந்ததும் கலத்தின் இரண்டு பாகங்களும் பிரிந்திருக்க வேண்டும். கம்பிக் கட்டு ஒன்று அறாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டதால், கலம் பத்து நிமிடம் போலத் தலைகுப்புறச் சுழன்றது. பாலே நடனக் குழு மாதிரி தலை, கால், தலை, கால் என்று ஆயிற்று என அவர் பிறகு அறிக்கையில் சொன்னார். அதன் நடுவிலும், எல்லாம் இயல்பு என்ற சமிக்ஞையைத்தான் அனுப்பினார். ஏழு கிலோமீட்டர் உயரத்தில் கலத்திலிருந்து வெளியே வீசப்பட்டு, தனிப் பாராசூட்டில் சரதோவ் பகுதியில், வோல்கா ஆற்றங்கரையை ஒட்டிய வயலில் இறங்கினார். விமானி கலத்தோடு தரையிறங்கினால்தான் சாதனை செல்லும் என்று சர்வதேச விதி இருந்ததால், கலத்துக்குள் இருந்தபடியே இறங்கினார் என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். ஆரஞ்சு உடையும் வெள்ளைத் தலைக்கவசமுமாக வானத்திலிருந்து வந்தவரை முதலில் பார்த்து மிரண்டவர்கள் வயலில் இருந்த ஒரு பாட்டியும் பேத்தியும். பொய்யை எழுதிய அதிகாரிகளைவிட அந்த இருவருக்கும் உண்மை முன்பே தெரியும்.

அண்மைக் காலத்தில் வேறு சிலரும் இந்த வழிக்கு வந்திருக்கிறார்கள். 2019இல் வந்த ‘அப்பல்லோ 11’ ஆவணப் படத்தில் வர்ணனையாளர் கிடையாது, நடிப்பும் கிடையாது. அமெரிக்க ஆவணக் காப்பகத்தில் கிடந்த 65 மில்லிமீட்டர் படச்சுருள்களையும் அன்றைய ஒலிப்பதிவுகளையும் மட்டும் வைத்துக் கோத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே எடுத்துக் கோக்கச் சுருள்கள் இருந்தன. ககாரின் விஷயத்தில் பெட்டியே காலி.

பெரியப்பா பசிபிக் கடலுக்கு மேலே எங்கோ தூங்கிவிட்டார். ஆப்பிரிக்கக் கரைக்கு முன்னால் விடியும்போது, அடிவானத்தில் ஒரு நீலக் கோடு தோன்றி, வெளுத்து, திடீரென்று திரை முழுக்க வெளிச்சம் அடித்ததில் விழித்துக்கொண்டார். “எங்கே இருக்கான் இப்போ?” என்று கேட்டார். காணோம் என்று சொன்ன ஆளை இப்போது அவர் இயல்பாக விசாரித்தது எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. அட்லாண்டிக் முடியப்போகிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுவார் என்றேன். 1961ஆம் ஆண்டின் கடைசியில் ககாரின் இந்தியாவுக்கும் அப்படியே இலங்கைக்கும் வந்தார், தமக்கு டில்லிக்கோ பம்பாய்க்கோ போய்ப் பார்க்க வசதியில்லாமல் போயிற்று என்று பெரியப்பா பழைய ஆதங்கத்தை எடுத்தார். பேராதனைப் பூங்காவில் ககாரின் நட்ட மரத்தையாவது ஒருமுறை போய்ப் பார்த்துவரலாம் என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

படம் முடிந்தபோது ஒன்றரை மணி தாண்டியிருந்தது. சாப்பிடக் கூப்பிட்டும் அவர் எழுந்திருக்கவில்லை. தூங்கிப்போன பகுதியை மட்டும் மறுபடி போடச் சொன்னார். அங்கே ஒன்றும் இல்லை பெரியப்பா, வெறும் இருட்டுதான் என்றேன். “இருட்டா இருந்தா என்ன, அவன் அதைத்தானே பார்த்தான்? போடு” என்றார்.